லெட்சுமி பேரில் படித்த பாடம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
8-2-1931

அன்புள்ள லெட்சுமி அக்காவுக்கு,

இந்த வருஷம் நான் பார்ப்பது, கேட்பது எல்லாவற்றையும் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதப்போகிறேன். முதல் கடிதம் உனக்குத்தான். அம்மாவின் இருமல் போய்விட்டது. ரயில்வே ஒர்க் ஷாப்பில் நிறையப் பேரை நிறுத்திவிட்டார்கள், அப்பாவை இன்னும் வைத்திருக்கிறார்கள். அங்கே பெரியப்பா, பெரியம்மா, நீ சுகந்தானே? பெரியம்மாவுக்கு எத்தனை மாதம் என்று அம்மா கேட்கச் சொன்னார்கள்.

விஷயம் இதுதான். ஸ்டேஷனுக்குப் பக்கத்து வாசகசாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி வைத்திருக்கிறார்கள். தலைப்பு, 'நம் வட்டாரத் தமிழ்ப் பள்ளிகள்'. எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பேர் தேறுகிறார்கள், ஏன் என்று எழுத வேண்டும். பரிசு ஓர் அகராதி. கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். பள்ளி விட்டதும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன்.

எங்கள் பள்ளிக் கணக்கை எடுத்துவிட்டேன். முதல் வகுப்பில் பெஞ்சு போதாமல் பிள்ளைகள் தரையில் உட்காருகிறார்கள். எங்கள் ஆறாம் வகுப்பில் பதினொரு பேர்தான். பெண்கள் மூன்று பேர். அதில் ஒருத்திக்குச் சித்திரையில் கல்யாணம். வருஷத்துக்கு வருஷம் இப்படிக் குறைவதைப் பற்றி எங்கள் வாத்தியாரிடம் கேட்டேன். "கட்டுரைக்கு மொத்தக் கணக்கு போதும்மா" என்றார்.

என் வகுப்பில் விஜயன் என்று ஒருத்தன். "தோட்டத்துப் பள்ளிக்கூடத்தையும் எழுதப் போறியா? அது ஆட்டுக் கொட்டாய்லா" என்றான். "எங்க அக்கா அங்கதான் படிக்கிறா. ஒன்னவிட நல்லாப் படிப்பா" என்றேன். ஆகவே நீ எனக்கு உதவ வேண்டும். உங்கள் பள்ளியில் எத்தனை வகுப்பு, எத்தனை பேர், போன வருஷம் எத்தனை பேர் தேறினார்கள்?

உன் பதிலை எதிர்பார்க்கும் தங்கை,
சந்திரகலா

*

எட்டாங்கட்டைத் தோட்டம், கிள்ளான்
1-3-1931

தங்கச்சி கலாவுக்கு,

முருகன் புண்ணியத்தில் எல்லோரும் இருக்கிறோம். அம்மாவுக்கு ஏழு மாதம். கால் வீங்குகிறது. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து அப்பாவுக்கு வாரத்தில் நாலு நாள்தான் பாலுக்கு மரம் வெட்டக் கொடுக்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். ரிஜிஸ்டரில் நாற்பத்திரண்டு பேர். நாலு வகுப்பு. நாலுக்கும் சபாபதி வாத்தியார் ஒருவரே. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியோடு நின்று வேலையாட்களைப் பேர் கூப்பிடுவார். பிறகு அதே குரலோடு வந்து பிள்ளைகளைக் கூப்பிடுவார். போன வருஷம் ஐந்து பேர் தேறினார்கள். நான் நாலாம் வகுப்பு.

கொட்டகையில் பிள்ளைகள் காலை பத்து மணிக்குத்தான் தூங்கும். தூங்கின பிறகு எழுத உட்கார்ந்தேன். முனியாண்டி மகள் மட்டும் தூளியில் போட்டால் அழும், மடிதான் வேண்டும். அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது. வாசகசாலையில் கதைப் புத்தகம் படித்தால் அந்தக் கதையைச் சுருக்கி எனக்கு எழுது.

சித்தி சித்தப்பாவை விசாரித்ததாகச் சொல்.
லெட்சுமி

*

பிரிக்பீல்ட்ஸ்
15-3-1931

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதும் அம்மா பெரியம்மா காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார்கள். உப்பைக் குறைக்க வேண்டுமாம். நாங்கள் நலம்.

நீ எழுதியதை அப்படியே குறித்துக்கொண்டேன். ஒன்று மட்டும் விளங்கவில்லை. கொட்டகை என்றால், தாய்மார்கள் மரம் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தானே? காலை பத்து மணிக்கு நீ அங்கே என்ன செய்கிறாய்? அந்த நேரம் பள்ளி இருக்குமே? ரிஜிஸ்டரில் நாற்பத்திரண்டு பேர் என்றாய், பெஞ்சில் எத்தனை பேர்?

எங்கள் பள்ளிக்குக் கூரை மாற்றுகிறார்கள். ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம் விடுமுறை. பெரியம்மா பிரசவத்துக்கு அம்மா வரும்போது நானும் வருவேன். எல்லாவற்றையும் நேரில் பார்த்து எழுதிக்கொள்ளலாம். கதையைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். முடிவில் ராஜா செத்துப்போகிறான், அதை மட்டும் நான் மாற்றவில்லை.

கலா

*

எட்டாங்கட்டைத் தோட்டம்
2-4-1931

தங்கச்சி கலாவுக்கு,

ஒத்தடம் கொடுத்ததில் அம்மாவுக்கு வீக்கம் வற்றியிருக்கிறது. ராஜா செத்தது எனக்குப் பிடித்திருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன், முனியாண்டி மகள் சிரித்தது.

இராஜம்மாவை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ போன தடவை வந்தபோது உன் ரிப்பனைக் கேட்டு அழுதாளே, அவள்தான். வேலை இல்லை என்று அவள் குடும்பத்தைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னும் நாலு குடும்பம் போகிறது. பிள்ளைகள் பேரை வாத்தியார் ரிஜிஸ்டரிலிருந்து அடிக்கவில்லை. இருபது பேருக்குக் கீழே போனால் பள்ளியை மூடிவிடுவார்களாம்.

இன்ஸ்பெக்டர் ஏப்ரலில் வருகிறார் என்று பள்ளிக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. நீ வரும் சமயமாகத்தான் இருக்கும். வரும்போது உன் வாசகப் புத்தகத்தைக் கொண்டுவா.

சித்தியின் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.
லெட்சுமி

*

பிரிக்பீல்ட்ஸ்
3-5-1931

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். கிள்ளானில் ரயில் கிளம்பும்போதுதான் அம்மாவுக்கு உன் ஞாபகம் வந்து அழுதார்கள். உன் காய்ச்சல் விட்டதா? தோட்டத்து ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாக உன் போர்வையைத்தான் பார்த்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

தங்கச்சிப் பாப்பா எப்படி இருக்கிறாள்? அவளுக்குப் பெரியப்பாவின் காது. பஸ்ஸில் ஒரு சீனக் கிழவர் எனக்கு முறுக்குப் போல ஒன்று கொடுத்தார், இனிப்பாக இருந்தது. ஆற்றங்கரையில் உடும்பு பார்த்தேன். இன்ஸ்பெக்டர் வந்தார், போனார். எங்கள் பள்ளியில் புதுக்கூரை போட்டாகிவிட்டது. மழை பெய்தால் வாத்தியார் பேசுவது கேட்பதில்லை.

வாசகப் புத்தகத்தை உன் தலையணைக்கு அடியில் வைக்கச் சொல்லி ஆயாவிடம் கொடுத்தேன். கிடைத்ததா?

கலா

*

எட்டாங்கட்டைத் தோட்டம்
10-6-1931

கலாவுக்கு,

காய்ச்சல் விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பாப்பா பால் குடிக்கிறாள். புத்தகம் கிடைத்தது.

என் பேரில் நீ படித்தாயாமே.

தோட்டத்துத் துரைக்கு இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்தப் பக்கத்துத் தோட்டப் பள்ளிகள் எல்லாவற்றிலும் நாலாம் வகுப்பில் நன்றாகப் படித்தவள் லெட்சுமியாம். கிள்ளானில் பெண்கள் பள்ளியில் தங்கிப் படிக்க எனக்கு ஓர் இடம் கொடுக்கப்போகிறார்களாம். ஆகஸ்டில் நேரில் போய் அவர் முன்னால் படித்துக்காட்ட வேண்டும். சபாபதி வாத்தியார் ஒவ்வொரு சாயங்காலமும் வந்து வாசலில் நிற்கிறார். நான் போகாவிட்டால் ஏன் என்று கேள்வி வரும். போய்ப் படிக்கத் தெரியாமல் நின்றாலும் கேள்வி வரும். வேலை போய்விடும், பள்ளியும் போய்விடும் என்கிறார்.

அப்பாவிடம் சொல்லி அழுதேன். "யாரு வாயால படிச்சா என்ன? பேரு எம் மக பேருதானே" என்று லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். அம்மாவோ, பாப்பாவைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றுதான் யோசிக்கிறாள்.

என்ன நடந்தது என்று நீயே எழுது. தபாலில் வேண்டாம். கடிதம் ஆபீசுக்கு வந்தால் கிராணி பிரித்துப் படிப்பார். பாப்பாவுக்கு முடியிறக்க சித்தி வருவார்களே, அவர்களிடம் கொடுத்து அனுப்பு.

லெட்சுமி

*

பிரிக்பீல்ட்ஸ்
21-6-1931

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பாப்பாவின் சட்டைகளுக்கு நடுவில் இருக்கும். உன் உடம்பு முழுக்கத் தேறிவிட்டதா என்று கேட்கவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கேட்கிறேன்.

அன்று காலை சபாபதி வாத்தியார் கோட்டுப் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்தார். சவரம் பண்ணும்போது தாடையை வெட்டிக்கொண்டிருந்தார். "தங்கச்சி, லெட்சுமி படுத்துட்டா. நாலாம் வகுப்புல இருக்கறதே மூணு பேரு. நீ சும்மா வந்து உக்காரு. பேரைக் கூப்பிட்டா உள்ளேன்னு சொல்லு. படிக்கச் சொன்னா திக்கித் திக்கிப் படி. நல்லாப் படிச்சித் தொலைச்சிடாதே" என்றார். அம்மா வேண்டாம் என்றார்கள். பெரியப்பா, "ஒரு நாக் கூத்துதானே, போவட்டும்" என்றார்.

பள்ளியில் பாதிப் பிள்ளைகள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லோரியில் வந்தவர்கள். கன்னையா என்று கூப்பிட்டதும் இரண்டு பேர் உள்ளேன் என்றார்கள். ஒருவனை வாத்தியார் முறைத்தார். அவன், "நான் யாருன்னு மறந்துட்டேன் சார்" என்றான். நல்ல வேளை, இன்ஸ்பெக்டர் அப்போது துரையோடு பேசிக்கொண்டிருந்தார். இராஜம்மா பேருக்கு ஆறு வயதுப் பெண் ஒன்று எழுந்து நின்றது. "பத்து வயசுன்னு போட்டிருக்கே, வளரவே இல்லையே?" என்றார் இன்ஸ்பெக்டர். "சோறு பத்தலைங்க" என்றார் வாத்தியார். துரைக்குத் தமிழ் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு என்னைப் படிக்கச் சொன்னார்கள். மழையைப் பற்றிய பாடம். நான் திக்கத்தான் நினைத்தேன், அக்கா. முதல் வரியில் இரண்டு இடத்தில் திக்கினேன். இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். துரையிடம் மெதுவாக ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். விஜயன் சொன்ன ஆட்டுக் கொட்டாய் என் காதில் கேட்டது. அதற்கப்புறம் எனக்குத் திக்க வரவில்லை. கடைசிப் பத்தியைப் புத்தகத்தை மூடிவிட்டு மனப்பாடமாகச் சொன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "பேர் என்னம்மா?" என்றார். லெட்சுமி என்றேன். வாத்தியார் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதையும் எழுத வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நீ ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போர்த்திக்கொண்டு கிடந்தது அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

வாத்தியார் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆகஸ்டுக்கும் கலாவே வரட்டும், இடம் கிடைத்த பிறகு லெட்சுமி போய்ச் சேர்ந்துகொள்ளட்டும் என்று. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

கலா

*

எட்டாங்கட்டைத் தோட்டம்
5-7-1931

கலாவுக்கு,

சட்டைகள் பாப்பாவுக்குச் சரியாக இருக்கின்றன. சித்தி அங்கே திரும்பி வருகிறார்கள், அவர்களிடமே இதைக் கொடுக்கிறேன்.

நீ வராதே. நானே போகிறேன்.

நீ மார்ச்சில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. போன வருஷம் ஆடியிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. கொட்டகை ஆயாவோடு பிள்ளை பார்க்கிறேன். இன்ஸ்பெக்ஷன் அன்று ஒரு நாள் போய் உட்காருவதாக இருந்தேன். அதற்காக அந்த மழைப் பாடத்தைப் பிள்ளைகள் தூங்கும்போது பதினைந்து இருபது தடவை படித்து வைத்திருந்தேன். காய்ச்சல் வந்துவிட்டது.

உன்னுடைய பழைய நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களை அனுப்பு. கதை வேண்டாம்.

லெட்சுமி

*

எட்டாங்கட்டைத் தோட்டம்
30-8-1931

கலாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இடம் கிடைத்துவிட்டது. நீ கேட்பாய் என்று நடந்ததை எழுதுகிறேன். மாட்டுவண்டிக்காரர் மூலம் கிள்ளான் தபாலில் சேர்க்கிறேன்.

அப்பா, வாத்தியார், நான் மூன்று பேரும் போனோம். இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பள்ளியை நடத்தும் மிஸ்ஸியம்மா. இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாத்தியார் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது.

"மெலிஞ்சி போயிட்டியே, லெட்சுமி" என்றார்.

அவ்வளவுதான். நீ என்னைவிட அரைச் சாண் உயரம். என் நிறம் வேறு. என் நெற்றியில் கத்தி பட்ட தழும்பு இருக்கிறது. "காய்ச்சல்ங்க" என்றார் வாத்தியார். அது பொய் இல்லை.

படித்தேன். நிறைய இடத்தில் திக்கினேன். வேண்டுமென்று திக்கவில்லை. அவர் மிஸ்ஸியம்மாவிடம், "பயப்படுது. அன்னைக்குப் புத்தகத்தை மூடிட்டுச் சொன்னா பாருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அது நான் இல்லை ஐயா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அப்பா கதவண்டை நின்று கும்பிட்டுக்கொண்டே இருந்தார், கையை இறக்கவே இல்லை.

வெளியே வந்ததும் வாத்தியார் எனக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

லெட்சுமி

*

பிரிக்பீல்ட்ஸ்
13-9-1931

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். இதைக் கிள்ளானுக்கு வரும் ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன், ஆபீசுக்கு வராது. உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா சாமிக்கு விளக்கேற்றினார்கள். இன்ஸ்பெக்டர் உன்னைப் பார்த்துச் சொன்ன வார்த்தையை மட்டும் நான் படிக்காமல் விட்டேன்.

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். கோலாலம்பூர், கிள்ளான் பக்கத்துப் பள்ளிகள் ஒன்பதை வரிசையாக எழுதினேன். உங்கள் பள்ளிக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. வாசகசாலைத் தலைவர் ராதாகிருஷ்ணன், "இந்த ஒன்னுக்கு மட்டும் ஏம்மா கணக்கு இல்லை? வசதிப்படலையா?" என்றார். "இதை மட்டும் நேரில் பார்த்தேன் சார், அதனால் எழுத முடியவில்லை" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அகராதி விஜயனுக்குப் போய்விட்டது. அவன் எங்கள் பள்ளியை மட்டுமே எழுதினானாம், எல்லாப் பிள்ளைகளும் சந்தோஷமாகப் படிக்கிறார்கள் என்று.

நீ கிள்ளான் வந்த பிறகு அப்பாவோடு உன்னைப் பார்க்க வருவேன். எந்த ஞாயிற்றுக்கிழமை வரலாம்?

கலா

*

பெண்கள் விடுதி, கிள்ளான்
18-10-1931

கலாவுக்கு,

நான் சௌக்கியம். இங்கே மூன்று வேளையும் சோறு போடுகிறார்கள். தனிக்கட்டில். முதல் நாள் இரவு மடியில் ஒரு பிள்ளையும் இல்லாமல் தூக்கம் வரவில்லை.

என்னை ஐந்தாம் வகுப்பில் போட்டிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் மெச்சின பெண் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் படிக்க எழுந்தால் எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். நான் முடிக்கும்போது எல்லோரும் குனிந்திருக்கிறார்கள். மிஸ்ஸியம்மா நல்லவர். பொங்கல் வரைக்கும் பார்ப்பேன், பிறகும் இப்படியே இருந்தால் வேறு பெண்ணுக்கு இந்த இடம் போகும் என்று சொல்லியிருக்கிறார்.

நம் பள்ளிக்குப் புதுக் கரும்பலகை வந்திருக்கிறதாம். உட்காரத்தான் பிள்ளைகள் இல்லை என்று அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

நீ இங்கே வராதே. இன்ஸ்பெக்டர் சொல்லாமல் வருகிறவர். நம் இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்தால் அன்றைக்கு யார் என்று தெரிந்துவிடும். கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் இல்லை என்றும் நான் எழுதவில்லை. உன் அளவுக்கு நான் படிக்கிற வரை வராதே.

சித்தியிடம் நான் குண்டாகிவிட்டேன் என்று சொல்.
லெட்சுமி

*

பிரிக்பீல்ட்ஸ்
22-11-1931

அன்புள்ள அக்காவுக்கு,

நீ குண்டாகிவிட்டாய் என்று அம்மாவிடம் சொன்னேன். நம்பினார்கள். அம்மாவுக்கு மறுபடி இருமல், பயப்படும்படி இல்லை. பெரியம்மா பாப்பாவைத் தூக்கிக்கொண்டே வேலைக்குப் போவதாகத் தகவல் வந்தது.

நீ வராதே என்றாய். நான் வந்தேன்.

போன சனிக்கிழமை அப்பாவின் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிள்ளான் வந்தோம். திரும்பும்போது, உங்கள் விடுதி இருக்கும் ரோடு வழியாகப் போகலாம் என்று அப்பாவைக் கேட்டேன். பொழுது சாய்ந்திருந்தது. எதிர்ப்புறத்தில் ரிக்‌ஷாக்கள் நிற்கும் மரத்தடியில் நின்றோம். கீழ் அறையில் விளக்கு எரிந்தது. மற்றப் பெண்கள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். நீ போகவில்லை. ஜன்னலண்டை நின்று படித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டு போனாய். ரோட்டில் மாட்டுவண்டிகள் போய்க்கொண்டிருந்ததால் உன் குரல் எனக்குக் கேட்கவில்லை. ஒரு இடத்தில் உன் விரல் நின்றுவிட்டது. திரும்பப் பக்கத்தின் தலைக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தாய். மறுபடி அதே இடத்தில் நின்றது. மறுபடி ஆரம்பித்தாய்.

"கூப்பிடட்டுமா?" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா."

"பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தே?"

"பாத்தாச்சு."

ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் சொன்னேன். ஆனால் நான் நகரவில்லை. மூன்றாவது தடவை உன் விரல் அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. நீ சிரிக்கவில்லை. நிமிர்ந்து வெளியே பார்த்தாய். நான் ரிக்‌ஷாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். ரிக்‌ஷாக்காரர் ஏறப்போகிறேன் என்று நினைத்து இருக்கையைத் துடைத்தார்.

நான் எழுந்து பார்க்கும்போது ஓர் அம்மாள் வாசலில் நின்று உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ புத்தகத்தை மூடாமல் மார்போடு பிடித்தபடி போனாய். பிறகு அந்த அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

கலா